தொலைவும் காலமும்: கராச்சி முதல் சென்னை வரை



வரலாறு கற்பித்த நாளில், சுவரில் தொங்கும் தேசப்படத்தைக் காட்டி நான் ஒரு வினா எழுப்புவதுண்டு. “சென்னைக்கும் மும்பைக்கும் எவ்வளவு தொலைவு?” ஒருவன் இரயில் பாதையை எண்ணி, “ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர், ஐயா” என்பான். ஒருத்தி நூலை நேராகப் பிடித்து அளந்து, “1,030” என்பாள். அது வான்வழி. மற்றொருவன், “இரண்டு மணி நேரம்” என்பான். வகுப்பு நகைக்கும், நான் நகைப்பதில்லை. தொலைவைக் காலத்தால் அளப்பதும் ஓர் அளவையே. அவ்வளவை சுருங்கிய கதையைக் காண்போம்.

1929ஆம் ஆண்டில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து கராச்சிக்கு வான் அஞ்சலைத் தொடங்கிற்று. எனினும் தென்னாட்டுக்குரிய கடிதங்கள் அங்கிருந்து இரயிலில்தான் வந்தன. வானில் விரைந்த மடல் தரையில் தவழ்ந்தது. இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் இருவர்: ஜே. ஆர். டி. டாட்டா, நெவில் வின்சென்ட் என்னும் விமானி.

1932 அக்டோபர் 15ஆம் நாள் காலை ஆறரை மணியளவில், 28 வயதினரான டாட்டா, ‘புஸ் மாத்’ என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் கராச்சியினின்று தனியே புறப்பட்டார். வானொலித் தொடர்பு இல்லை. தரையிலிருந்து வழி காட்டுவாரும் இல்லை. அகமதாபாத்தில் இறங்கினார், எரிபொருள் மாட்டு வண்டியில் வந்தது. பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன், அந்நாளைய பம்பாயின் ஜூஹுவை அடைந்தார். அங்கு வின்சென்ட் பொறுப்பேற்று, பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொணர்ந்தார்.

கணக்கிட்டுப் பாருங்கள். அவ்விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே பறப்பதற்கே ஆறரை மணி நேரம் வேண்டும். எஞ்சியது இறங்கி எரிபொருள் நிரப்பிய நேரம்.

1982 அக்டோபர் 15 அன்று, பொன்விழாவை ஒட்டி, 78 வயதான டாட்டா அதே வழியில் மீண்டும் பறந்தார். முதற் பயணத்தின்போது இரு நகரங்களும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. இரண்டாம் பயணத்திலோ, 1947இல் எழுந்த நாட்டெல்லையை அவர் கடக்க வேண்டியிருந்தது.

இக்கதையை ஒருமுறை வகுப்பில் கூறி முடித்தபோது, கடைசி வரிசை மாணவன் எழுந்து, “இன்று மும்பையிலிருந்து கராச்சிக்கு எத்தனை மணி நேரம், ஐயா?” என்று வினவினான். நேர்த்தொலைவு 900 கிலோமீட்டருக்கும் குறைவு. ஜெட் விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதைச் சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். எஞ்சின் குறைத்த தொலைவை எல்லைக்கோடு மீண்டும் நீட்டிவிட்டதன்றோ?

“விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம், தம்பி, மனிதருக்கு எவ்வளவு என்பதை நிலநூல் கூறாது. வரலாற்று நூலை எடு” என்றேன். உங்களுக்கும் அதையே கூறுவேன்.