டார்ச் ஒளியிலிருந்து ஓசிடி வரை: அறுவைக்குப் பிந்தைய பார்வையைக் கணித்த வரலாறு

முன்னுரை

“ஆபரேஷன் செஞ்சா பார்வை வந்துருமா?” பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கும், இடுக்கியின் மூணாறு, பூப்பாறைத் தோட்டங்களிலிருந்து போடிமெட்டு இறங்கித் தேனிக்கும் வரும் தமிழ்க் குடும்பங்கள் கண் மருத்துவரிடம் கேட்பது இதைத்தான். கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வருகிறவருக்கு இதற்கான விடை கத்தி வைக்கும் முன்பே தெரிந்தாக வேண்டும். அந்த விடை எப்படிக் கூர்மை பெற்றது, எல்லையோர மக்களுக்கு அதனால் என்ன பயன் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

புரைக்குப் பின்னால் இருந்த இருட்டு

1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கண்ணகநோக்கி, உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவருக்கு முதன்முதலாகக் காட்டியது. ஆனால் புரை முற்றிய கண்ணில் அதுவும் பயன்படவில்லை. ஆகவே நோயாளியிடமே கேட்டார்கள். இருட்டறையில் நான்கு திசையிலிருந்தும் டார்ச் அடித்து, ஒளி எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லச் சொன்னார்கள். கண்மணி சுருங்குகிறதா என்று பார்த்தார்கள். விழித்திரை மொத்தத்தில் வேலை செய்கிறதா என்பது இதில் தெரிந்தது. எழுத்து வாசிக்க உதவும் மாக்குலாவின் நிலை தெரியவில்லை.

1983இல் கைட்டனும் மின்கோவ்ஸ்கியும், புரையில் எஞ்சியிருக்கும் தெளிவான சிறு இடைவெளி வழியே எழுத்துப் பலகையை விழித்திரைமீது வீழ்த்தும் கருவியை அறிவித்தனர். முற்றிய புரையில் அதுவும் தடுமாறியது. இன்றும் அத்தகைய கண்ணுக்கு டார்ச் பரிசோதனையும் ஒலியலை ஸ்கேனுமே துணை. பழைய முறை ஒழிந்து புதிய முறை வந்த வரலாறாக இதைச் சொல்ல முடியாது.

அடுக்கடுக்காய்ப் படம்

1961இல் நோவோட்னி, ஆல்விஸ் ஆகியோர் சாயம் செலுத்தி விழித்திரை இரத்தக் குழாய்களைப் படமெடுத்துக் காட்டினர். திருப்பம் 1991இல் வந்தது. ஹுவாங், புஜிமோட்டோ குழுவினர் ஒளியைக் கொண்டு விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி முறையை வெளியிட்டனர். அதே ஆண்டில் கெல்லியும் வெண்டலும், மருத்துவமே இல்லை என்று கருதப்பட்ட, மாக்குலாவில் விழும் துளைக்கு 52 கண்களில் அறுவை செய்த முடிவை அறிவித்தனர். 58 விழுக்காட்டில் துளை மூடியது.

எந்தக் கண் தேறும் என்ற கேள்விக்கு ஓசிடி அளவுகோல் தந்தது. துளையின் உயரத்தை அதன் அடி அகலத்தால் வகுக்கும் குறியீட்டை 2004இல் குசுஹாரா குழுவினர் முன்வைத்தனர்; அது 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் பார்வை நன்கு மீளும் வாய்ப்பு அதிகம். ஒளியை உணரும் செல்களான ஒளிவாங்கிகளின் அடுக்கை ஓசிடி படத்தில் குறிக்கும் கோடு அறுந்திருக்கிறதா என்பது பின்னர் இன்னொரு முக்கியச் சான்றாயிற்று.

மலையடிவாரத்தில்

1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனிக்கும் 1997இல் கோவைக்கும் வந்தது. இரண்டும் கேரள எல்லையிலிருந்து எட்டும் தூரம். 2000களின் நடுவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நீள்தூர வைஃபை இணைப்பு போடி, சின்னமனூர் போன்ற ஊர்களின் பார்வை மையங்களைத் தேனி மருத்துவரோடு காணொளியில் இணைத்தது. மூணாற்றுச் சாலையில் இறங்குபவருக்கு முதல் நகரம் போடிதான்.

அரவிந்த் உள்ளிட்ட மருத்துவமனைகளின் விழித்திரைப் படங்களைக் கொண்டு 2016இல் வெளியான கூகுள் ஆய்வு, சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கணினி கண்டறியும் என்று நிறுவியது. அது நோயைக் கண்டறிதல்; அறுவைக்குப் பின் வரும் பார்வையைக் கணிப்பது வேறு வேலை.

முடிவுரை

படம் காட்டுவது, நோயாளி வந்துசேர்ந்த நாளில் விழித்திரை இருந்த நிலையை. விழித்திரை கண்ணின் பின்சுவரிலிருந்து பிரியும் விலகல் மாக்குலாவை எட்டிவிட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் அறுவை நடப்பதே நல்லது; நாள் கடக்கக் கடக்க ஒளிவாங்கிகள் மடிகின்றன. ஆகவே கணிப்பின் பாதி கருவியில் இருக்கிறது, மறுபாதி மலையிறங்க எடுத்துக்கொண்ட நாட்களில் இருக்கிறது. கண்ணில் திடீரென மின்னலோ, கரும்புள்ளிக் கூட்டமோ, திரை இறங்குவதுபோல் நிழலோ தெரிந்தால், அடுத்த சம்பள நாள் வரை காத்திராமல் அன்றே மலையிறங்குங்கள்.