ஞானஸ்நானமும் கல்வி உதவித்தொகையும்

கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘மதம்’, ‘சாதி’ என்னும் இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பேரிகை முதலிய ஓசூர் எல்லைப்புறத்துச் சபைகளிலும் சரி, தென்கோடிச் சபைகளிலும் சரி, ஆதிதிராவிடக் கிறிஸ்தவப் பிள்ளைகள் தடுமாறுவது இவ்விரண்டுக்கும் நடுவேதான். அத்தடுமாற்றத்தின் வரலாற்றை ஊழியர்களாகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

பட்டியல் சாதி மாணவரின் மேற்படிப்புக்கு இந்திய அரசு 1944ஆம் ஆண்டில் உதவித்தொகை வழங்கத் தொடங்கிற்று. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தியோ, சீக்கியருள் சில பிரிவினர் நீங்கலாக, இந்துக்கள் அல்லாதோரைப் பட்டியலினின்று விலக்கியது. 1956இல் சீக்கியர் அனைவருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோராகவே எண்ணப்படுகின்றனர். ஆயினும் கல்வி உதவித்தொகையை மட்டும் மாநில அரசு அவர்களுக்கும் நீட்டியுள்ளது. ஞானஸ்நானத்தால் சாதியின் சுமை இறங்கிவிடவில்லை என்பதை அரசின் உதவித்தொகை ஏடே ஒப்புக்கொள்கிறது எனலாம்.

திருச்சபை அதை ஒப்புக்கொண்டதா? 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சபைக்குள் சாதி கூடாதென்று தீர்மானித்தது. தீர்மானம் நல்லதே. ஆனால் சாதி கூடாது என்பது, காலப்போக்கில், எங்களிடம் சாதி இல்லை என்னும் பேச்சாக மாறிற்று. தனிக் கல்லறையும் தனி இருக்கையும் கண்ட சபைகளும் அப்படியே பேசின! இதன் விலையை ஏழைகளே கொடுத்தனர். சென்னையில் செருப்புத் தைத்துவந்த சூசை என்னும் கிறிஸ்தவர், இந்துத் தொழிலாளருக்கு அளித்த இலவசக் கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1985இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிற்று. மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆய்வுச் சான்று முன்வைக்கப்படவில்லை என்றது. அச்சான்றைத் திரட்டக் கடமைப்பட்டிருந்தது யார்?

வருமானம் ஒன்றையே பார்த்து உதவினால் போதாதா என்போர் நம்மிடையே உண்டு. ஓசூர்த் தொழிற்சாலையில் இருவர் ஒரே கூலி பெறலாம். ஒருவருடைய பாட்டனாருக்கு நிலமும் எழுத்தும் இருந்தன. மற்றவருடைய பாட்டனாருக்கு இரண்டும் மறுக்கப்பட்டன. கூலிச்சீட்டு இதைக் காட்டாது. ஆகவே சாதியையும் கணக்கில் கொள்ளவே வேண்டும் என்பது நம் துணிபு.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 3ஆம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் மதம் மாறிய ஆதிதிராவிடருக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. டெல்லிக்கு மனு எழுதும் நம் சபைகள், தங்கள் சொந்தக் கல்வி நிதியிலிருந்து எந்தப் பிள்ளைகள் எத்தனைபேர் படித்தார்கள் என்பதையும் ஆண்டறிக்கையில் அச்சிடட்டும்.