ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0: டெபியன் பொதியாக்கம்

இணையத்தில் போய்வரும் தகவலை மறையாக்கம் செய்யும் நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3.0 பதிப்பு 2021 செப்டம்பர் 7 அன்று வெளியானது. 2 என்ற எண், அமெரிக்க அரசின் மறையாக்கத் தரத்துக்கான அதன் எஃப்ஐபிஎஸ் கூறுக்கு முன்பே பயன்பட்டிருந்ததால், 1.1.1க்கு அடுத்து நேராக 3.0 வந்தது. உபுண்டு 22.04, ஃபெடோரா 36, ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஆகியவை 2022இல் இதை ஏற்றன. டெபியனின் நிலையான வெளியீட்டில் இது இடம்பெற்றது 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12இல்தான். நிரலகத்தைத் தொகுத்துப் பொதியாக்குவது ஒரு நாள் வேலை. அதைச் சார்ந்த நூற்றுக்கணக்கான பொதிகளைக் கூடவே நகர்த்துவதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன.

பொதியாக்கத்தின் முதல் முடிவு பெயரைப் பற்றியது. லினக்ஸில் தொகுக்கப்பட்ட நிரல் பொதுவாகத் தனக்குத் தேவையான நிரலகத்தின் பெயரை, பதிப்பு எண்ணோடு, தன் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். இதை 'எஸ்ஓநேம்' என்பார்கள். செயல்கூறுகள் நீக்கப்பட்டாலோ அவற்றின் அமைப்பு மாறினாலோ இந்த எண்ணும் மாற வேண்டும். மாற்றாமல் விட்டால் பழைய நிரல்கள் புதிய நிரலகத்தை நம்பி ஏற்றி, இயங்கும்போது நொறுங்கும். எனவே 'லிப்எஸ்எஸ்எல்1.1' என்ற பொதி 'லிப்எஸ்எஸ்எல்3' ஆனது. கோப்புப் பெயர்கள் வேறு என்பதால் இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம். நிரலாளர்களுக்கான 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்' பொதிக்கு மட்டும் டெபியன் பொதுவாக எண் சேர்ப்பதில்லை. அதனால்தான் பெரும்பாலான மூலப்பொதிகளை எதையும் திருத்தாமல் அப்படியே மறுதொகுப்புக்கு அனுப்ப முடிகிறது.

பெயர் புதிது என்பதால் பொதி முதலில் 'நியூ' வரிசையில் நிற்கும். காப்பகப் பொறுப்பாளர்கள் உரிமத்தையும் உள்ளடக்கத்தையும் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். பிறகு அது 'எக்ஸ்பெரிமெண்டல்' கிளையில் தங்கும். அந்த இடைவெளியில் சார்ந்த பொதிகளைப் புதிய பதிப்போடு தொகுத்துப் பார்த்து, தோற்றவை ஒவ்வொன்றுக்கும் வழு பதிவாகும். வெளியீட்டுக் குழு இசைவு தந்ததும் நிரலகம் 'அன்ஸ்டேபிள்' கிளைக்கு ஏறும். அதைச் சார்ந்த பொதிகளுக்கு மூலத்தைத் தொடாத மறுதொகுப்பு நடக்கும். இவை 'டெஸ்டிங்' கிளைக்குள் கூட்டமாகவே நுழைய வேண்டியிருப்பதால், தொகுக்க மறுக்கும் ஒரே ஒரு பொதி மொத்தக் கூட்டத்தையும் வாசலில் நிறுத்திவிடக்கூடும்.

இதைவிடக் கடினமான பெயர்ச்சியை டெபியன் முன்பே கண்டிருந்தது. 2016இல் வந்த 1.1.0 பதிப்பு தன் உள் அமைப்புகளை மூடி மறைத்துக்கொண்டது. அவற்றை நேரடியாகத் தொட்டுப் பழகிய நிரல்களின் மூலத்தையே திருத்த வேண்டியதாயிற்று. கர்ல் நிரலகத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது: ஓப்பன்எஸ்எஸ்எல்லின் உள்பொருள் ஒன்றைத் தன்னைப் பயன்படுத்தும் நிரலின் கையில் அது நேரடியாகக் கொடுக்கும். கர்ல் ஒரு பதிப்போடும் நிரல் மற்றொரு பதிப்போடும் பிணைந்திருந்தால், அந்தப் பொருளைத் தொட்ட கணமே நிரல் விழும். ஆகவே டெபியன் 9இல் கர்ல் பழைய 1.0.2 பதிப்பிலேயே நிறுத்தப்பட்டது. அந்த வெளியீடு இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல்களைச் சுமந்தது. 'லிப்கர்ல்3' பொதி 'லிப்கர்ல்4' எனப் பெயர் மாறிய பிறகே முடிச்சு அவிழ்ந்தது. இந்தப் பாடுகளோடு ஒப்பிட்டால் 3.0 மென்மையானது. கைவிடப்படவுள்ள செயல்கூறுகள் எச்சரிக்கை தந்தாலும் வேலை செய்தன. எச்சரிக்கையைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைந்த பொதிகள்தாம் தொகுக்க மறுத்தன.

தொகுப்பில் தென்படாத உடைசல்கள் இயங்கும்போது வெளிவந்தன. எம்டி4, ஆர்சி4 போன்ற பழைய வழிமுறைகளை 3.0 'லெகசி' என்ற தனிக் கூறுக்கு ஒதுக்கியது. கேட்டால் ஒழிய அது ஏற்றப்படாது. இணையத் திட்டங்களின் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக் கருவியின் பழைய பதிப்புகள் அக்கோப்புகளுக்கு அடையாளமிட எம்டி4ஐ நம்பியிருந்தன. ஆகவே 2021 அக்டோபரில், வெப்பேக்கை இயக்கும் நோட்.ஜேஎஸ் 17 இந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு வந்ததும், நேற்றுவரை ஓடிய இணையத் திட்டங்கள் 'அன்சப்போர்ட்டட்' என்ற பிழையோடு நின்றன. இணைப்பின் நடுவே விதிகளை மீண்டும் பேசிக்கொள்ளும் பாதுகாப்பற்ற பழைய முறையை 3.0 இயல்பாகவே மறுத்ததால், சில நிறுவன வைஃபை வலையமைப்புகளில் உபுண்டு 22.04 மடிக்கணினிகள் இணைய முடியவில்லை. வைஃபை இணைப்பைக் கையாளும் பொதிக்கு உபுண்டு தனித் திருத்தம் போட நேர்ந்தது.

மறையாக்க நிரலகத்தில் பொதியாளர் போடும் திருத்தம் எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்கு டெபியன் வரலாற்றிலேயே சான்று உண்டு. 2006இல் ஒரு சோதனைக் கருவியின் எச்சரிக்கையை அடக்குவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் மூலத்தில் செய்த சிறு நீக்கம், தற்போக்கு எண்களின் ஊற்றையே அடைத்துவிட்டது. செயல்முறை எண் ஒன்றே மிஞ்சியதால், ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறத்தாழ 32,000 வாய்ப்புகள்தாம் இருந்தன. 2008 மே 13 அன்று இது அறிவிக்கப்பட்டபோது, உலகெங்கும் எஸ்எஸ்எச் சாவிகளையும் சான்றிதழ்களையும் புதிதாக உருவாக்க வேண்டிவந்தது. அசல் மூலத்திலிருந்து விலகும் ஒவ்வொரு வரியையும் அசல் நிரலாளர்களிடம் காட்டி ஒப்புதல் பெறுவதே இந்த வேலையில் முதன்மையான ஒழுங்கு.

உரிமத்தில் 3.0 நன்மையே செய்தது. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் உரிமம் ஜிபிஎல்லோடு முரண்பட்டது. புதிய அப்பாச்சி 2.0 உரிமம் ஜிபிஎல் 3ஆம் பதிப்போடு இசைகிறது. 2ஆம் பதிப்போடு மட்டும் நிற்கும் நிரல்களுக்குச் சிக்கல் தீரவில்லை.

3 என்ற தொடருக்குள் எஸ்ஓநேம் மாறாது என்பதால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 பெரிய பெயர்ச்சி ஏதுமின்றி 3.5க்கு ஏறியது. பொதியின் பெயர் 'லிப்எஸ்எஸ்எல்3டி64' ஆனதற்குக் காரணம் ஓப்பன்எஸ்எஸ்எல் அன்று. 2038ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக 32 பிட் கணினிகளில் நேர அளவை 64 பிட்டுக்கு விரித்ததுதான்.

உபுண்டு 22.04 வந்த நாள்களில், வெளியார் தந்த மென்பொருள்கள் ஓட வேண்டுமென்று பலர் பழைய வெளியீட்டின் லிப்எஸ்எஸ்எல்1.1 பொதியைக் கையால் இறக்கி நிறுவினார்கள். 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்றே முடிந்துவிட்டது. அப்படி நிறுவிய பொதி இன்னும் கணினியில் இருந்தால், அதைக் கேட்கும் மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறிவிட்டு, அந்தப் பொதியை நீக்கிவிடுங்கள்.