நெசவும் ஆராய்ச்சியும்

அறுபத்து மூன்று நாயன்மாருள் நேச நாயனார் நெசவுத் தொழிலர். காம்பீலி நகரிலே ஆடை நெய்து அடியார்க்கு வழங்கி உய்ந்தவர் அவர் எனப் பெரியபுராணம் கூறும். தறியையும் தொண்டாகக் கண்ட மரபில் வந்த நாம், அத்தொழில் எம் நாட்டில் அடைந்த உயர்வு தாழ்வுகளை ஆராய்வது பொருத்தமேயாம்.

உதாரணம் தேடி நாம் வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளவத்தையில் எழுந்த நெசவாலை, இலங்கையின் முதலாவது பெரிய நெசவாலையாகும். 1933 ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தால் அதன் பெயர் நாடெங்கும் பரவிற்று. இன்றோ, ஹவ்லொக் வீதியில் அது நின்ற நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஆலைகள் அழியக் காரணங்கள் பல. அவற்றுள் பலரும் எண்ணாத ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்வோம். அதுவே ஆராய்ச்சியின்மை.

பஞ்சாலையில் காற்று உலர்ந்தால் நூல் அறும். நூல் அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் துணியின் விலை ஏறும். எவ்வளவு ஈரம் வேண்டும், எப்பஞ்சை எதனோடு கலக்கலாம் என்பவற்றைச் சோதித்தறிய விஞ்ஞானிகளும் கருவிகளும் வேண்டும். தனியொரு சிற்றாலை இச்செலவைத் தாங்குமா?

முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் இதற்கு வழி கண்டது. கைத்தொழில் ஆராய்ச்சிக்கென 10 இலட்சம் பவுண் ஒதுக்கி, ஆலைகள் சங்கமாகக் கூடிப் பணமிட்டால் தானும் ஈடாகப் பணமிடுவதாக அறிவித்தது. 1919 இல் பருத்தித் தொழிலுக்கான ஆராய்ச்சிச் சங்கம் உருவாயிற்று. மஞ்செஸ்ரரின் ஷேர்லி ஆராய்ச்சி நிலையம் அதனுடையதே.

இந்தியாவும் இந்நெறியைக் கைக்கொண்டது. 1947 இல் அகமதாபாத்தில் ஆராய்ச்சிச் சங்கம் தோன்றியது. பின்னாளில் விண்வெளி ஆராய்ச்சியால் புகழ்பெற்ற விக்கிரம் சாராபாய் அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர். 1956 இல் கோயம்புத்தூரில் தென்னிந்திய ஆலைகளுக்கான சங்கம் எழுந்தது. அரசாங்கமும் ஆலைகளும் செலவைப் பகிர்ந்தன. ஓர் ஆலையின் உற்பத்தித் திறனை மற்றவற்றோடு ஒப்பிட்டுக் குறை காட்டுவதும் அதன் பணியாயிற்று.

இலங்கையில் 1955 இல் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. எனினும் அது எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானது. கிழக்கு ஜேர்மனியின் உதவியுடன் துல்கிரியவிலும், சீனாவின் உதவியுடன் பூகொடையிலும் அரசாங்கம் பேராலைகளை நிறுவியது. இயந்திரங்கள் வந்தன, அவற்றை மேலும் சிறப்பிக்கும் அறிவை நாமே ஆக்கும் ஏற்பாடு அவற்றுக்கு நிகராக வளரவில்லை. 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது கைத்தறியாளர் பலர் தொழிலிழந்தனர்.

2008 இல் அரசும் தனியார் கம்பனிகளும் கூடி நனோ தொழினுட்ப ஆராய்ச்சி நிலையத்தைத் தொடக்கின. ஆடை உற்பத்தியாளரான மாஸ், பிரண்டிக்ஸ் நிறுவனங்களும் அதிற் சேர்ந்தன. காலந்தாழ்ந்தாயினும் இது நல்வழியே. ஏனெனில், ஆடை ஏற்றுமதியால் பெரும்பொருள் ஈட்டும் எம் நாடு, அதற்கான துணியிற் பெரும்பகுதியை இன்றும் பிற நாடுகளிலிருந்தே வாங்குகின்றது.

வரலாறு புகட்டும் பாடம் இதுவே: அரசாங்கம் மட்டும் பணமிட்டால் ஆராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடும்; ஆலைகளை மட்டும் நம்பினால் அது தொடங்கவே மாட்டாது. இருவரும் கூடிச் செலவிட்டு, ஆலையில் எழும் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை காண வேண்டும். விஞ்ஞானம் பயிலும் எம் இளைஞர் இப்பணியில் ஈடுபட முன்வருவாராக. திருவருள் துணைபுரிக.