ஆபீஸ் வேலைக்குப் படிக்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைக் கேளுங்க!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் ஒடுகத்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்... 'அடுத்து என்ன?' வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகாவில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி இது. மேலே பீஞ்சமந்தை பக்கத்து மலைக் கிராமங்களுக்கும் இதுதான் கீழே இருக்கும் டவுன். 'ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைச்சா போதும்' என்று நினைக்கும் பெற்றோர் இங்கே நிறைய. அதற்கு என்ன படிக்கணும்?

மூன்று வழிகள்

முதலாவது, பாலிடெக்னிக். 'மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ்' என்ற மூன்று வருட டிப்ளமோவில் பத்தாவது முடித்ததும் சேரலாம். டைப்பிங், ஷார்ட்ஹேண்ட், அக்கவுன்ட்ஸ், அலுவலகக் கடிதங்கள், கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. எல்லா பாலிடெக்னிக்கிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, ஐ.டி.ஐ. கம்ப்யூட்டர் ஆபரேட்டருக்கான 'கோபா', ஸ்டெனோகிராபர் ஆகிய இரண்டுமே ஒரு வருடப் படிப்புகள். அரசு ஐ.டி.ஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள்.

மூன்றாவது, டைப்பிங் இன்ஸ்டிட்யூட். வேறு படிப்பு படித்துக்கொண்டே காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் போய் வரலாம்.

எங்கே கோட்டை விடுகிறோம்?

டைப்பிங் தேர்வை நடத்திச் சான்றிதழ் தருவது தமிழக அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை வேகம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வில் டைப்பிஸ்ட் பதவிக்குப் பத்தாவது தேர்ச்சியோடு இந்தச் சான்றிதழும் அவசியம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் லோயர் முடித்துவிட்டு 'போதும்' என்று நிறுத்திவிட்டால் டைப்பிஸ்ட் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஏதாவது ஒரு மொழியிலாவது ஹையர் இருக்கணும். இரண்டிலும் ஹையர் என்றால் முதல் முன்னுரிமை. ஸ்டெனோ டைப்பிஸ்ட் ஆக, கூடவே ஷார்ட்ஹேண்டும் வேண்டும்.

இன்னொன்று, 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழ். இதற்கும் தேர்வு நடத்துவது அதே இயக்ககம்தான். தனியார் சென்டர் தன் பெயரில் அச்சடித்துத் தரும் சர்ட்டிபிகேட்டை இதற்குப் பதிலாகக் காட்ட முடியாது. அதனால் பணம் கட்டும் முன், 'பரீட்சை நடத்துறது யாரு? சர்ட்டிபிகேட்ல யார் முத்திரை இருக்கும்?' என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஆயிரம்

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. டிகிரிக்கு மட்டுமல்ல, டிப்ளமோ, ஐ.டி.ஐ-க்கும் இது பொருந்தும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் யோசித்தே படிப்பை நிறுத்தும் வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். சேர்ந்த உடனே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

டைப்பிங்கில் குறுக்கு வழி கிடையாது. தினமும் ஒரு மணி நேரம் விரல் பழகணும். ஹையர் வரைக்கும் விடாமல் போங்க. லோயரோடு நிறுத்தினால் செலவழித்த பணமும் நேரமும் பாதி வழியில் நின்றுவிடும்.