சுவர் உடைகிற விளையாட்டும் ஃப்ளெரி என்ற ஊரும்

துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் என்றாலே நம் வயதுக்காரர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். சத்தமும் புகையும் தவிர அதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை மட்டும் இன்று எழுதுகிறேன். அந்த விளையாட்டுகளில் வரும் சுவர்கள் எப்படி உடையத் தொடங்கின என்பதுதான் அது. இந்தக் கதை பிரான்ஸில் வெர்தன் பக்கத்தில் உள்ள ஓர் ஊரில் போய் முடியும். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் போரோடு சொந்தம் உண்டு என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

இவ்வகை விளையாட்டில் ஆடுபவருடைய கண்தான் சிப்பாயின் கண். திரையில் சிப்பாயின் முகம் தெரியாது. நீட்டிப் பிடித்த துப்பாக்கியும் அதைப் பிடித்திருக்கும் கையும்தான் தெரியும். நாம் திரும்பினால் அவன் திரும்புவான், நாம் ஓடினால் அவன் ஓடுவான். 1992-ல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி, 1993-ல் வந்த டூம் ஆகிய இரண்டும் இந்த வகையை உலகெங்கும் பரப்பின. இரண்டையும் செய்தது இட் சாஃப்ட்வேர் என்ற அமெரிக்கக் கம்பெனி.

அந்தக் காலத்து விளையாட்டுகளில் எதிரி விழுவான், பீப்பாய் வெடிக்கும், ஆனால் சுவர் மட்டும் அசையாது. ராக்கெட் வைத்து அடித்தாலும் அதிகம் போனால் ஒரு கரும்புள்ளி விழும். காரணம் கணினியின் வேகம் போதாததுதான். எந்த இடத்தில் நின்றால் எந்தச் சுவர் தெரியும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துவிடுவார்கள். அலுவலகத்தில் நாங்கள் ரெடி ரெக்கனர் வைத்துக்கொண்டு வட்டி பார்ப்போமே, அது மாதிரி. ஆட்டத்தின் நடுவே ஒரு சுவர் காணாமல் போனால் அந்தக் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். ஆகவே சுவரை உடைய விடாமல் வைத்திருந்தார்கள்.

2001-ல் வொலிஷன் என்ற கம்பெனி ரெட் ஃபேக்ஷன் என்ற விளையாட்டை வெளியிட்டது. கதை செவ்வாய்க் கிரகத்துச் சுரங்கத்தில் நடக்கிறது. அதில் பாறையை வெடிவைத்துக் குடைந்து புது வழி போட்டுக்கொள்ளலாம். கதவு பூட்டியிருந்தால் பக்கத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகலாம். இது அப்போது பெரிய புதுமை.

அடுத்த கட்டம் ஸ்வீடனில் நடந்தது. 1992-ல் தொடங்கிய டைஸ் என்ற கம்பெனி முதலில் பின்பால் விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தது. நெம்புகோலால் இரும்புக் குண்டைத் தட்டி மேலே அனுப்பும் அந்த விளையாட்டின் கணினி வடிவம். அதே கம்பெனி 2002-ல் பேட்டில்ஃபீல்ட் 1942 என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டைக் கொண்டுவந்தது. இணையம் வழியாகப் பலர் ஒரே போர்க்களத்தில் இறங்கலாம், டாங்கி ஓட்டலாம், விமானம் ஓட்டலாம். ஆனால் டாங்கி எவ்வளவு சுட்டாலும் எதிரே இருக்கும் வீடு அப்படியேதான் நிற்கும்.

அந்தக் குறையை 2008-ல் தீர்த்தார்கள். பேட்டில்ஃபீல்ட்: பேட் கம்பெனி என்ற விளையாட்டுக்காக ஃப்ராஸ்ட்பைட் என்ற புது மென்பொருளை எழுதினார்கள். இப்போது டாங்கி சுட்டால் வீட்டுச் சுவரில் ஓட்டை விழும். ஆனாலும் வீட்டின் எலும்புக்கூடு நின்றுகொண்டுதான் இருக்கும். 2010-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சுவர்கள் வரிசையாகப் போனால் கூரையோடு வீடே கீழே இறங்கிவிடும். உள்ளே ஒளிந்திருப்பவன் அவ்வளவுதான். 2013-ல் வந்த பேட்டில்ஃபீல்ட் 4-ல் ஷாங்காய் நகரத்து வானளாவிய கட்டடம் ஒன்று முழுதாகச் சரிந்து விழும்.

இது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு சுவருக்கும் எவ்வளவு அடி தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கும். விழும் குண்டுக்குத் தக்கபடி அது குறைந்துகொண்டே வரும். இருப்பு தீர்ந்ததும் நல்ல சுவரை எடுத்துவிட்டு, முன்பே செய்து வைத்த உடைந்த சுவரை அங்கே வைத்துவிடுவார்கள். மாற்றி வைப்பது கண்ணுக்குத் தெரியாதபடி புழுதி கிளம்பும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ஆட்டத்தை 64 பேர் அவரவர் ஊரில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். ஒருவர் போட்ட ஓட்டை மற்ற எல்லோருக்கும் அதே இடத்தில் தெரிய வேண்டும். நடுவில் இருக்கும் கணினி ஒன்று ஒவ்வொரு இடிபாட்டையும் குறித்துக்கொண்டு எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பியபடி இருக்கும். எங்கள் இலாகாவில்கூட சுற்றறிக்கை அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

சுவர் உடையத் தொடங்கியதும் விளையாட்டின் குணமே மாறியது. பத்திரமான மூலை என்று ஒன்று இல்லாமல் போனது. இது உண்மையான போருக்குச் சற்று நெருக்கமானதுதான்.

2016 அக்டோபரில் அதே டைஸ் கம்பெனி பேட்டில்ஃபீல்ட் 1 என்ற விளையாட்டை வெளியிட்டது. இது 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரைப் பற்றியது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் ‘லா கிராந்த் கெர்’ என்று படித்தோமே, அந்தப் பெரும்போர். வீடு இடிகிறது, காற்றாலை இடிகிறது, பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தில் தரையே பள்ளமாகிறது. ஆனால் முதலில் வெளிவந்தபோது அதில் பிரெஞ்சுப் படையே கிடையாது! பிரான்ஸ் மண்ணில் இவ்வளவு சண்டை நடந்த போரில் பிரெஞ்சுக்காரர்களைக் காணோம் என்று பலர் குறைப்பட்டார்கள். 2017 மார்ச்சில் தனியாக விலை வைத்து விற்ற பிற்சேர்க்கையில்தான் அவர்கள் வந்தார்கள். அதன் பெயர் ‘அவர்கள் கடந்து போக மாட்டார்கள்’ என்ற பொருளில் அமைந்தது. ‘இல் ந பாஸ்ரோன் பா’ என்று, வெர்தன் என்றாலே பிரெஞ்சுக்காரர்களுக்கு நினைவுக்கு வரும் வாசகம் அது.

அந்தப் பிற்சேர்க்கையில் வெர்தன் குன்றுகள் ஒரு களம், வோ கோட்டை இன்னொரு களம். வோ கோட்டையின் உண்மைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1916 ஜூன் முதல் வாரத்தில் ஜெர்மானியர் கோட்டையின் மேல்தளத்தைப் பிடித்துவிட்டார்கள். கீழே இருட்டு நடைவழிகளில் கொமாந்தான் ரெய்னால் தன் ஆட்களோடு மணல் மூட்டை அடுக்கிச் சண்டை போட்டார். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சிப்பாய்கள் சுவரில் கசிந்த ஈரத்தை நக்கினார்கள். கடைசியாக மிச்சமிருந்த ஒரு புறாவின் காலில் செய்தி கட்டி அனுப்பினார் ரெய்னால். நச்சுப்புகைக்குள் பறந்து வெர்தன் போய்ச் சேர்ந்த புறா அங்கேயே உயிரை விட்டது. ஜூன் 7 அன்று தாகம் தாங்காமல்தான் கோட்டை பணிந்தது. நவம்பரில் பிரெஞ்சுப் படை அதைத் திரும்பப் பிடித்தது.

என் பேரன் இந்த வெர்தன் களத்தில் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வானநீல நிறத்துக் கோட்டு, ஆத்ரியான் தலைக்கவசம், ஊர்ப் பெயர்கள் எல்லாம் எங்கள் பள்ளிப் புத்தகத்துப் படம்போல இருந்தன. வீடுகள் ஒவ்வொன்றாகப் போய், ஆட்டம் முடியும்போது அங்கே மண்ணும் புகையும்தான் மிச்சம். அடுத்த ஆட்டம் தொடங்கியது. இடிந்த சுவர்களெல்லாம் பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தன. ‘எல்லாம் திரும்ப வந்துடும் தாத்தா’ என்றான்.

உண்மையில் ஒரு கட்டடம் திரும்ப வர எவ்வளவு நாளாகும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். கடற்கரையோரம் இருந்த நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. எத்தனை பேருடைய பிறப்பும் கல்யாணமும் பதிவான இடம்! பழைய சாயலிலேயே திரும்பக் கட்டித் திறந்தது 2021 பிப்ரவரியில். குண்டு விழாத, சண்டை இல்லாத ஊரில், ஒரே ஒரு கட்டடத்துக்கு ஆறு வருஷத்துக்கு மேல்.

இனி ஃப்ளெரிக்கு வருகிறேன். முழுப்பெயர் ஃப்ளெரி-தவான்-துவோமோன். வெர்தனுக்கு வடகிழக்கே, போருக்கு முன் நானூறு பேருக்குச் சற்று அதிகமாக வாழ்ந்த கிராமம். 1916 பிப்ரவரி 21 அன்று வெர்தன் சண்டை தொடங்கியதும் ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த ஊர் 16 முறை கைமாறியது என்பார்கள். காலையில் ஜெர்மானியர், மாலையில் பிரெஞ்சுக்காரர். கடைசியில் கைமாற அங்கே ஊர் என்று எதுவும் இல்லை. டிசம்பர் வரை நீடித்த அந்தச் சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள்.

போர் முடிந்ததும் மற்ற இடங்களைப்போல இங்கும் வீடு கட்ட முடியவில்லை. மண் முழுவதும் வெடிக்காத குண்டுகள், நச்சுக் குண்டுகள், அடையாளம் தெரியாத உடல்கள். அரசாங்கம் அந்தப் பகுதியைச் சிவப்பு மண்டலம் என்று வரைபடத்தில் குறித்துக் குடியிருப்பைத் தடுத்தது. பின்னர் மரங்கள் நட்டார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பக்கத்தில் குண்டுகள் கிடைக்கின்றன, அதற்கென்று உள்ளவர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். இப்படி வெர்தன் பக்கத்தில் அழிந்த கிராமங்கள் 9. அவற்றில் 6 ஊர்களில் இன்றுவரை குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. ஃப்ளெரி அந்த ஆறில் ஒன்று.

அரசு குமாஸ்தாவாக வேலை பார்த்த என்னை அசரவைப்பது அடுத்த விஷயம். ஆள் இல்லாத ஊரை அரசாங்கம் பட்டியலிலிருந்து அடித்துவிடவில்லை. அந்த ஆறு ஊர்களும் இன்றும் சட்டப்படி கொம்யூன்கள். ஓட்டுப் போட ஆள் இல்லாததால் மேயரை மாவட்ட ப்ரெஃபே நியமிக்கிறார். 1880 முதல் கொம்யூன் என்ற சொல் புழங்கும் ஊர்க்காரர்கள் நாம், இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் சொல்கிறோம். ஜனத்தொகை பூஜ்ஜியம் என்று வந்தால் அந்த வரியைக் கோடிட்டு நீக்குவதுதான் அலுவலக வழக்கம் என்று நினைப்போம். அங்கே நீக்கவில்லை. பிரான்ஸுக்காக இறந்தவர் என்று சிப்பாயின் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவார்களே, அதே மரியாதையை ஊருக்கும் கொடுத்தார்கள்.

இப்போது அங்கே போகிறவர்கள் மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமான புல்தரையைப் பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளமும் ஒரு குண்டு விழுந்த இடம். நடைபாதை ஓரங்களில் சிறு அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். இங்கே ரொட்டிக்கடை இருந்தது, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு சிறிய தேவாலயம் மட்டும் பின்னால் கட்டியிருக்கிறார்கள். ரயில் நிலையம் இருந்த இடத்தில் 1967 முதல் வெர்தன் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. அருகே துவோமோனில் அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 சிப்பாய்களின் எலும்புகளை வைத்த மண்டபம் இருக்கிறது. இரு நாட்டவர் எலும்பும் அங்கே கலந்துதான் கிடக்கிறது. 1984 செப்டம்பரில் மித்தரானும் கோலும் கைகோத்து நின்றது அந்த இடத்தில்தான்.

நம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே உள்ள போர் நினைவுச் சின்னம், அந்தப் பெரும்போரில் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்காகக் கட்டியது. ஜூலை 14 அன்று விளக்குப் போட்டு மலர்வளையம் வைப்பதை நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். வேட்டி கட்டிய வீட்டிலிருந்து கிளம்பி, கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, பெயர் உச்சரிக்க வராத ஊரில் நின்ற பிள்ளைகள் அவர்கள். பேரப்பிள்ளைகள் திரையில் அணிகிற அதே சீருடைதான்.

இந்த விளையாட்டைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வோ கோட்டை என்ற பெயர் என் பேரனுக்கு அதன் வழியாகத்தான் தெரியவந்தது. சுவரை உடைய வைக்க பொறியாளர்கள் பல வருஷம் பட்ட பாடும் மெச்சத்தக்கது. ஆனால் ஆட்டம் முடிந்தபின் அந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்பதை அது சொல்லாது. அடுத்த ஆட்டத்துக்குச் சுவர் வேண்டுமல்லவா, திரும்ப நிறுத்திவிடும்.

அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். உங்கள் வீட்டில் யாராவது இந்த விளையாட்டை ஆடினால், ஆட்டத்தைக் கெடுக்காமல், முடிந்ததும் இணைய வரைபடத்தில் ஃப்ளெரியைக் காட்டச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் மரங்கள்தான் தெரியும். அந்த ஊருக்கு இன்றும் ஒரு மேயர் இருக்கிறார் என்று சொல்லுங்கள். ஏன் என்று அவன் கண்டிப்பாகக் கேட்பான்.