களனியின் பாவமும் கடலின் கணக்கும்

களனியை ஆண்ட தீசன் என்ற மன்னன் குற்றமற்ற ஒரு தேரரைக் கொன்றான்; அதனால் கடல் பொங்கி நாட்டுக்குள் புகுந்தது என்கிறது மகாவம்சம். கடலைத் தணிக்க மன்னனின் மகளைப் பொற்கலத்தில் வைத்து மிதக்க விட்டனர். கரையொதுங்கிய அவளைக் காக்கவண்ணதீசன் மணந்தான். துட்டகைமுனுவின் தாயான விகாரமகாதேவி அவளே. கொழும்பு நகர மண்டபத்துக்கு எதிரேயுள்ள பூங்கா இன்று அவள் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

களனி கங்கை கடலில் கலக்கும் முகத்துவாரம் கொட்டாஞ்சேனைக்குச் சற்று வடக்கே உள்ளது. ஆகவே இக்கதை கொழும்பாருக்கு அந்நியமானதன்று. ஆனால் இதில் பாவம் செய்தவன் ஒருவன், மூழ்கியது ஊர். இந்தக் கணக்கை வரலாற்று நூல் எழுதிய தேரர் மட்டுமா போட்டார்? 2004இல் நம் மிம்பர்களிலும் சிலர் அதையே போட்டார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. இரண்டு மணித்தியாலம் செல்வதற்குள் கிழக்குக் கரையில் அலை ஏறிவிட்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நம்மவர் நெருங்கி வாழும் கரையோரம் சிதைந்தது. நாடெங்கும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக் கடலோரமாக மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் பெரலியவில் அகப்பட்டது. அங்கு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கொழும்போ பெருமளவு தப்பியது. வெள்ளவத்தையார் மருதமுனையாரைவிடப் பேணுதலானவர்கள் என்பதாலா? அலை கிழக்கிலிருந்து வந்தது. மேற்குக் கரை தீவின் மறைவில் இருந்தது. தெற்கு முனையைச் சுற்றி வளைந்து வந்த அலை வலுவிழந்தே வடக்கே ஏறியது. காரணம் அவ்வளவுதான்.

நீரில் மூழ்கி மரணித்தவரை நபி (ஸல்) அவர்கள் ஷஹீத்களில் ஒருவராக எண்ணியிருக்கிறார்கள். ஷஹீத் என்று எண்ணப்பட்டவரின் ஜனாஸாவைக் காட்டி அவரைப் பாவி என்று பேச நமக்கு எங்கிருந்து துணிவு வந்தது?

கங்கையின் கதையும் இதுவே. 1947, 1989, 2016 ஆகிய ஆண்டுகளில் களனி பெருகியது. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் ஏழை முஸ்லிம்கள் பலரும் வீடிழந்தனர். மழைநீரைத் தாங்கி நின்ற சதுப்புகளை மண்ணிட்டு நிரப்பியவர்கள் வேறு. தாழ்நிலத்தில் மலிவாகக் கிடைத்த துண்டில் குடியேறியவர்கள் வேறு. 2010 நவம்பரில் சதுப்பின் நடுவே எழுப்பிய பாராளுமன்ற வளாகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அதைத் தண்டனை என்று எவரும் பிரசங்கித்ததாக நான் கேள்விப்படவில்லை.

2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி மறுபடியும் கரை மீறியது. கொலன்னாவையில் மறுபடியும் பாய்களைச் சுருட்டிக்கொண்டு மேடு தேடினார்கள்.